ஊசியும் மாத்திரையும்: அக்குபங்சர் வைத்தியத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

(அருப்புக்கோட்டையில் நடந்த பங்காளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

காணிக்கையோடு நீங்கள் அனுப்பும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. "அக்குபங்சர் வைத்தியம் செய்துகொள்வது விசுவாசிக்குத் தகுமா?" என்பது ஒன்று. "நம் மருத்துவமனையில் அதற்கு ஒரு பிரிவு தொடங்கினால் என்ன?" என்பது மற்றொன்று. நான் வைத்தியன் அல்ல, போதகன். ஆனாலும் நோயாளிகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதே என் ஊழியம். அந்த முறையில், கற்றதையும் கேட்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் சீமை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் தறி, திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காடும் சீமைக்கருவேல் கரிமூட்டமும், மேற்கே சாத்தூர், சிவகாசி வரை தீப்பெட்டி வேலை. குழித்தறியில் உட்கார்ந்தே இடுப்பு ஒடிந்தவர்களும், விசைத்தறியில் நின்றே கால் நரம்பு புடைத்தவர்களும், விறகு சுமந்து கழுத்து தேய்ந்தவர்களும் நம் வெளிநோயாளர் வரிசையில் தினமும் நிற்கிறார்கள். வலி மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணான பிறகு, "மருந்தில்லாமல் குணம்" என்று எழுதிய பலகையைப் பார்த்தால் மனம் அந்தப் பக்கம் போகாதா? அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை.

இது எங்கிருந்து வந்தது?

அக்குபங்சர் சீன தேசத்தில் 2000 ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் முறை. உடம்பில் ஓர் உயிர்ச் சக்தி ஓடுகிறது என்பது அவர்கள் எண்ணம். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் "சீ." நம் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்தி 12 முக்கிய ஓடைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய், ஓடையின் மேல் உள்ள புள்ளிகளில் ஊசி குத்தினால் தடை நீங்கும் என்பது அவர்கள் விளக்கம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட வரையறையில் இப்படி 361 புள்ளிகள் உள்ளன.

சீனத்திலேயே இதற்கு ஏற்றமும் இறக்கமும் இருந்தன. 1822-ல் சீனப் பேரரசர் தம் அரசவை மருத்துவக் கழகத்தில் இதைக் கற்பிப்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பின் சில ஆண்டுகளில் மேல்நாட்டு வைத்தியம் அங்கே நுழைந்தது. இதில் நமக்கு ஓர் உறவு உண்டு. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு மிஷனெரிகளை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கம்தான், அதே ஆண்டில் டாக்டர் பீட்டர் பார்க்கரைச் சீனத்துக்கு அனுப்பியது. அவர் 1835-ல் கான்டன் நகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியைத் திறந்தார். மதுரை மிஷனும் கான்டன் ஆஸ்பத்திரியும் ஒரு தாய் பிள்ளைகள்.

1950-களில் சீன அரசாங்கம் பழைய வைத்தியத்துக்கு மறுபடியும் ஆதரவு கொடுத்தது. 1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு வந்த வயிற்று உபாதைக்கு அக்குபங்சர் செய்தார்கள். அவர் அதைப் பற்றி எழுதிய பிறகே மேல்நாடுகளில் இதன் பெயர் பரவியது. நம் தேசத்துக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1938-ல் இந்திய தேசிய காங்கிரஸ், போரில் அடிபட்டவர்களுக்குச் சேவை செய்ய ஐந்து டாக்டர்களைச் சீனத்துக்கு அனுப்பியது. அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். அவரோடு போன டாக்டர் பி. கே. பாசு, 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனம் சென்று இந்த முறையைக் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார்.

மேற்கு வங்காளம் 1996-ல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. மத்திய அரசு 2019-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்து ஆணையிட்டது. நம் மாநிலத்திலும் நடத்தப்படும் யோகா, இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் இதுவும் ஒரு பாடம். சிங்கப்பூரிலிருந்து நமக்கு உதவும் சகோதரர்களுக்கு அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீன வைத்தியர்கள் இருப்பது தெரியும். ஆனால் நம் தெருவில் பலகை வைத்திருக்கும் எல்லோரும் ஒரே படிப்பைப் படித்தவர்கள் அல்ல. ஐந்து வருடம் படித்தவரும் உண்டு, சில வார வகுப்புக்குப் போனவரும் உண்டு. ஆகையால் முதல் கேள்வி, "நீங்கள் எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்?" என்பதே. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

போனால் என்ன நடக்கும்?

முதல் நாள் பேச்சு அதிகம் இருக்கும். தூக்கம், பசி, மலச்சிக்கல், மனக்கவலை எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். பிறகு படுக்கவைத்து ஊசி குத்துவார்கள். ஊசி என்றதும் நம் வார்டில் போடும் ஊசியை நினைக்க வேண்டாம். இதில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை. கால் மில்லிமீட்டர் கனத்தில் தலைமயிர் போன்ற கம்பி. கருவேல முள் ஏறிப் பழகிய கால்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. குத்தின இடத்தில் சுருக்கென்று இருந்து, பிறகு ஒரு கனமோ மதமதப்போ தோன்றும். ஐந்து முதல் பதினைந்து ஊசி வரை குத்தி, 20 அல்லது 30 நிமிடம் அப்படியே விட்டு எடுப்பார்கள். சிலர் ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். சிலர் ஒருவகை மூலிகை இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புள்ளியின் அருகே சூடு காட்டுவார்கள். சிலர் கண்ணாடிக் குவளையைத் தோலில் கவிழ்த்து இழுக்கவைப்பார்கள். அதனால் வட்ட வட்டமாகக் கன்றிப்போகும், சில நாளில் மறையும். தமிழ்நாட்டில் "அக்கு ஹீலர்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பலர் ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. உறை பிரிக்காத ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்குக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அந்த வழியாகவும் பரவும்.
2. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரலாம். ஒரு சொட்டு இரத்தமோ சிறு கன்றலோ வந்தால் பயப்பட வேண்டாம்.
3. நெஞ்சிலும் முதுகின் மேற்பகுதியிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். இது அபூர்வம். ஆனால் குத்திய பிறகு மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.
4. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.
5. சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ கால் மரத்தவர்கள் சூடு வைக்க இடம் கொடுக்கவே கூடாது. வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.
6. ஐந்தாறு முறை போயும் கொஞ்சமும் சுகம் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். "இன்னும் இருபது முறை வா" என்றால் பணப்பையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குணம் எதிர்பார்க்கலாம்?

இதை ஆராய்ச்சிகளே சொல்லட்டும். ஜெர்மனியில் நீடித்த இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்துச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 100-க்கு 48 பேருக்கு நல்ல சுகம். மாத்திரையும் உடற்பயிற்சியுமாக வழக்கமான வைத்தியம் செய்தவர்களில் 27 பேருக்குத்தான். ஆனால் மூன்றாவது கூட்டத்தைக் கேளுங்கள். அவர்களுக்குப் புள்ளி இல்லாத இடங்களில், மேலோட்டமாக, பேருக்குக் குத்தினார்கள். அவர்களிலும் 44 பேருக்குச் சுகம்!

ஒற்றைத் தலைவலியிலும் இதே கதை. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்டதன்படி, மாதத்தில் ஆறு நாள் தலைவலி வந்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்பில் அது ஐந்து நாளாகிறது. பேருக்குக் குத்தியதில் நான்கு நாள். முறையாகக் குத்தியதில் மூன்றரை நாள். அமெரிக்க அரசின் வல்லுநர் குழு ஒன்று 1997-லேயே, அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டலுக்கும், பல் அறுவைக்குப் பின்வரும் வலிக்கும் இது உதவுகிறது என்று சொன்னது.

இதிலிருந்து இரண்டு காரியம் விளங்குகிறது. வலி குறைகிறது என்பது உண்மை. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், அந்த ஓடைகளும் புள்ளிகளும்தான் குணமாக்குகின்றன என்ற விளக்கம் நிலைநிற்கவில்லை. ஊசிக்கு நரம்பு காட்டும் பதில் ஒரு பங்கு. படுத்து ஓய்ந்திருக்கும் அரைமணி நேரமும், ஒருவர் உட்கார்ந்து நம் பாடுகளைக் கேட்பதும், கை வைத்துத் தொடுவதும் மற்றொரு பங்கு. ஆகவே இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்து வலி, தலைவலி, குமட்டல் ஆகியவற்றில் ஓரளவு நிவாரணம் எதிர்பார்க்கலாம். சர்க்கரை, காசநோய், புற்றுநோய், இருதய அடைப்பு, வலிப்பு ஆகியவற்றுக்கு அது வைத்தியம் அல்ல.

சீன மூலிகைகள்

ஊசியோடு சிலர் மூலிகையும் கொடுக்கிறார்கள். அதில் பொன்னும் உண்டு, நஞ்சும் உண்டு. நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைக் காய்ச்சலுக்குச் சீனர் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய 1600 வருடம் பழைய சுவடியில், அதை ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி எழுதியிருந்தது. கொதிக்கவைக்கும்படி அங்கே சொல்லவில்லையே என்று தூ யூயூ என்ற அம்மையார் யோசித்தார். அதிகச் சூடில்லாமல் சாறெடுத்துச் சோதித்து, 1972-ல் மலேரியாவுக்கான மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015-ல் நோபல் பரிசு பெற்றார். கொடிய மலேரியாவுக்கு இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுப்பதும் அந்த மருந்தின் வகைதான். பழைய வைத்தியம் சோதனைக்கு உட்பட்டபோது உலகத்துக்கே ஆசீர்வாதமாயிற்று.

மறுபக்கம் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட ஏறக்குறைய 100 பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்ததே காரணம். அப்படிக் கலந்த செடி, நம் கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையின் இனம். ஆடு தீண்டாததை மனுஷன் ஏன் தின்னவேண்டும்? பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் எந்தப் பொடியையும், சீனத்தது ஆனாலும் நம்முடையது ஆனாலும், டாக்டருக்குக் காட்டாமல் சாப்பிடாதீர்கள்.

விசுவாசி போகலாமா?

"சீ" என்ற எண்ணமும் யின், யாங் என்ற தத்துவமும் பழைய சீனச் சமயச் சிந்தனையோடு கலந்தவை. நாம் ஜீவனைத் தருகிறவர் கர்த்தர் என்று அறிக்கையிடுகிறோம். ஆகவே அந்தத் தத்துவத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னாலோ, மந்திரமோ வழிபாடோ சேர்த்தாலோ, வணக்கம் சொல்லி எழுந்துவிடுங்கள். ஆனால் ஊசி ஊசிதான். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது ஜெபமும் உண்டு, ஏசாயா சொல்லிப் பிளவையின்மேல் போட்ட அத்திப்பழ அடையும் உண்டு. அடையைப் போட்டதால் ஜெபம் குறைந்துபோகவில்லை. வலி தீர ஊசி குத்திக்கொண்ட விசுவாசியைப் பாவி என்று சொல்ல எனக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

நான் பயப்படுவது ஊசிக்கு அல்ல. "இங்கே வருவதானால் இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு வா" என்ற ஒரு சொல்லுக்கே பயப்படுகிறேன்.

பல வருடம் சர்க்கரை நோயுள்ள ஒரு தாயார், காலில் கருத்த புண்ணோடு நம் வார்டில் சேர்க்கப்பட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. எப்படி இவ்வளவு முற்றியது என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஜெபிக்கப் போனபோது அவர்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "இன்சுலினை நிப்பாட்டி ரெண்டு மாசம் ஆச்சு ஐயா. தொட்டு வைத்தியம் பாக்குறவுக நிப்பாட்டச் சொன்னாக. டாக்டர்கிட்டச் சொல்லிராதீக, வைவாக." ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். "அங்க அரை மணி நேரம் கையப் பிடிச்சுக்கிட்டே கேட்டாக ஐயா. இங்க உக்காந்த உடனே பின்னால ஆள் நிக்குது" என்றார்கள். டாக்டரிடம் நானே உடன் இருந்து சொல்லவைத்தேன், அவர் வையவில்லை.

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் பட்டினி கிடந்து மெலிந்து செத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சில நாள் இன்சுலின் நின்றால் உயிர் போகும். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்து வீட்டில் உள்ளவர்களையும் பிடிக்கும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வரும். நாடி பார்த்து இரத்தத்தின் சர்க்கரை அளவைச் சொல்ல யாராலும் முடியாது. வாய் கோணி ஒரு பக்கம் கை விழுந்தால், நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து இருக்கிறது. மதுரைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த நேரத்தில் எண்ணெய் தடவவோ ஊசி குத்தவோ போய் உட்கார்ந்தால் அந்த மணி திரும்ப வராது. பாம்புக்கடி, நெஞ்சு வலி, மார்பில் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், குழந்தைக்குக் கடும் காய்ச்சல் எல்லாம் இப்படியே.

நாம் என்ன செய்யவேண்டும்?

பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீயைப் பற்றி மாற்கு எழுதும்போது, அவள் அநேக வைத்தியர்களிடம் கையிருப்பெல்லாம் செலவழித்தும் பலனில்லாமல் வருத்தம் அதிகமானதைச் சொல்கிறார். அவள் ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவசரமாகப் போகவேண்டிய வழியிலும் அவர் நின்றார், அவள் உண்மையெல்லாம் சொல்லும்வரை கேட்டார். அங்கே கூட்டம் நம் வரிசையைவிடக் குறைவல்ல.

நம் மருத்துவமனைக்கு அக்குபங்சர் பிரிவு வேண்டுமா என்பதை டாக்டர்களும் நிர்வாகக் குழுவும் தீர்மானிக்கட்டும். என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த ஜெர்மன் கணக்கில் 44 பேருக்குச் சுகம் தந்ததில் ஒரு பங்கை, ஊசி இல்லாமலே நம்மால் கொடுக்க முடியும். அதன் பெயர் நேரம். ஒரு நோயாளியை உட்காரவைத்து, "வேறு எங்கே வைத்தியம் பார்க்கிறீர்கள்? எந்த மாத்திரையை விட்டுவிட்டீர்கள்?" என்று முகம் சுளிக்காமல் கேட்க ஓர் ஆள் வேண்டும். நடக்கவும் குனியவும் பயிற்சி சொல்லித்தரும் கை வேண்டும். அப்படிக் கேட்கும் ஒரு சகோதரிக்கான சம்பளமும், இன்சுலின் வாங்க முடியாதவர்களுக்கு அந்த மருந்தும்தான் நான் உங்களிடம் கேட்கும் காணிக்கை.

நீங்களும் உங்கள் வீட்டாரும் ஊசி குத்திக்கொள்ளப் போனால் சமாதானத்தோடே போங்கள். மாத்திரைச் சீட்டையும் கையில் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்லத் தயங்கினால் என்னிடம் சொல்லுங்கள். உங்களோடு கூடவே வந்து சொல்கிறேன்.

ஜெபக் குறிப்புகள்:

1. மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் நோயாளிகள் காலந்தாழ்த்தாமல் திரும்பி வர.
2. நம் டாக்டர்களும் நர்ஸ்களும் நீண்ட வரிசையிலும் பொறுமையோடு கேட்க.
3. காலை இழந்த அந்தத் தாயார் செயற்கைக் காலோடு நடந்து பழக.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.